வீட்டில் கோதுமை பிஸ்கட்: குமரி மாவட்டத்து அடுப்படியிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

கோதுமை பிஸ்கட் செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வறண்ட ஊர்க்காரர்கள் எழுதியவை. ஆனி மாதத்துச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே வாய்த்த ஊர் நம்முடையது. வெயில் காலத்திலும் கடற்காற்றில் ஈரம் இருக்கும். அதோடு நம் வீட்டில் வெண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, சீனியோடு கருப்பட்டியும் இருக்கிறது. அதையெல்லாம் மனதில் வைத்து, அடிக்கடி வருகிற சந்தேகங்களுக்கு இங்கே பதில்.

முதலில் ஒரு அளவு சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி. கோதுமை மாவு 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சீனி 80 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, காய்ச்சி ஆறிய பால் 2 முதல் 3 டேபிள்ஸ்பூன். சிறிய பிஸ்கட்டாக வெட்டினால் 30 வரை கிடைக்கும்.

வெண்ணெய் விரல் வைத்தால் பதியும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. அதில் சீனியைப் போட்டு நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள். மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து அதில் கொட்டி விரல் நுனியால் பிசறுங்கள். சலிக்கும்போது மேலே நிற்கிற தவிட்டைத் தூக்கி எறியாமல் திரும்ப மாவிலேயே போட்டுவிடுங்கள். பிறகு பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட வேண்டும். மாவு திரண்டு ஒன்றாக வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே, இல்லையென்றால் எண்ணெய் தடவிய வாழையிலைமேல் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். எவர்சில்வர் தம்ளரின் விளிம்பால் வெட்டி, முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிடுங்கள். உள்ளே உண்டாகும் ஆவி அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேறும். குத்தாவிட்டால் நடுவில் உப்பி, அடிப்பக்கம் வேகாமல் இருக்கும். 170 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 15 முதல் 18 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானாக இறுகும். உள்ளேயே இறுகட்டும் என்று காத்திருந்தால் வெளியே வந்ததும் கல்லாகிவிடும்.

200 கிராம் என்றால் எத்தனை கப்?

தராசு இல்லாதவர்கள் ஒன்றரை கப்புக்குக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். மாவை அழுத்தாமல் ஸ்பூனால் அள்ளிப் போட்டு, மேலே வழித்துவிட்ட கப் 120 முதல் 130 கிராம் வரை வரும். கப்பை நேரே மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் இதைவிட அதிகமாகிவிடும். பிஸ்கட் செய்யப் போகிறீர்கள் என்றால் ஓவனுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு சின்ன டிஜிட்டல் தராசு என்பேன்.

சப்பாத்திக்கு வாங்குகிற பாக்கெட் மாவு போதுமா? மில்லில் அரைத்தது நல்லதா?

இரண்டிலும் வரும். மில்லில் அரைத்ததில் மணம் அதிகம், ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும். ரேஷன் கோதுமையோ கடைக் கோதுமையோ, கல் பொறுக்கிக் கழுவி நன்றாக வெயிலில் காயப்போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பல்லால் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. மில்காரரிடம் 'நைசாக, ரெண்டு தடவை விட்டு அரைச்சுத் தாங்க' என்று சொல்லுங்கள். அதைவிட முக்கியம், உங்களுக்கு முன்னால் எந்திரத்தில் என்ன ஓடியது என்று பார்ப்பது. மிளகாய்த்தூளோ மல்லியோ ஓடிய கையோடு கோதுமையைக் கொட்டினால், சப்பாத்தியில் தெரியாத அந்த வாடை இனிப்பு பிஸ்கட்டில் முகத்தில் அடிக்கும். யாராவது கோதுமை அரைத்து முடித்ததும் நம்முடையதைப் போடுவது நல்லது.

அரைத்த மாவு சூடாக வரும். அதை அப்படியே டப்பாவில் மூடக் கூடாது, ஈரம் கோத்துக்கொள்ளும். பேப்பரில் பரப்பி ஆறவிட்டு எடுத்து வையுங்கள். முழுக் கோதுமையில் முளைக்கருவின் எண்ணெயும் மாவோடு சேர்ந்து வருவதால் மைதாவைப் போல மாதக்கணக்கில் தாங்காது, காறல் வாடை வந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மைதா கொஞ்சமாவது கலக்காமல் செய்தால் ஓடு மாதிரி வருகிறது. ஏன்?

மாவின்மேல் பழி போட வேண்டாம், பெரும்பாலும் தண்ணீரும் கையும்தான் காரணம். நம் கோதுமை மாவு கல்லில் அழுந்தி அரைபடும்போது அதன் மாவுச்சத்து நிறைய உடைகிறது. உடைந்த மாவுச்சத்து தண்ணீரை நன்றாக இழுக்கும், தவிடும் இழுக்கும். அதனால் பாலை விட்டதும் மாவு வறண்டு தெரியும், நாம் இன்னும் கொஞ்சம் விடுவோம். அப்புறம் சேர்ந்து வரட்டும் என்று பிசைவோம். ஈரமும் பிசைவதும் சேர்ந்தால் குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம் இழுவை கட்டிவிடும். சப்பாத்திக்கு அது வேண்டும். பிஸ்கட்டுக்கு ஆகாது.

தவிடு தண்ணீரை உறிஞ்ச நேரம் எடுக்கும். இரண்டு ஸ்பூன் பாலுக்கு அப்புறமும் மாவு உதிரியாகத் தெரிந்தால், அடுத்த ஸ்பூனுக்குப் போகாமல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அமுக்குங்கள். விளிம்பு லேசாக மட்டும் வெடித்தால் பதம் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னொரு ஸ்பூன் விடலாம். விரலில் ஒட்டினால் ஏற்கனவே அதிகமாகிவிட்டது. அப்போது ஒரு கை மாவு தூவிச் சரிக்கட்டலாம், ஆனால் ருசி சப்பென்று போகும்.

இன்னொரு வழியும் உண்டு. மாவை வெறும் கடாயில் சிறுதீயில் மணம் வரும் வரை வறுத்து, முழுக்க ஆறவைத்துச் சேர்ப்பது. வறுத்த மாவில் குளூட்டன் அவ்வளவாகக் கட்டாது, பச்சை வாடையும் போய்விடும். மைதா கலக்காமல் மொறுமொறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். கால் பங்கு மைதா கலந்தால் வேலை எளிது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கடை பிஸ்கட்டே வாங்கிவிடலாமே.

வெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

தாராளமாக. ஆனால் கிராமுக்குக் கிராம் மாற்றக் கூடாது. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய் இருக்கிற இடத்தில் 80 கிராம் தேங்காய் எண்ணெய் போதும். தண்ணீர் குறைவதால் பிஸ்கட் கூடுதலாக மொறுமொறுக்கும், நம் ஊர்க் காற்றுக்கு இது ஒரு லாபம்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடும். மார்கழி விடியற்காலையில் பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் பாட்டிலில் உறைந்து நிற்கலாம். மற்ற நாட்களில் தண்ணீராகத்தான் இருக்கும். அப்படியே ஊற்றினால் தேய்க்கும்போது மாவு எண்ணெயைக் கக்கும். எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து, பாதி உறைந்து கூழாக இருக்கும்போது எடுத்துச் சீனியோடு அடியுங்கள். பிசைந்த மாவையும் கால் மணி நேரத்துக்கு மேல் ஃப்ரிட்ஜில் விடாதீர்கள். வெண்ணெய் மாவு இளகிக் கொடுக்கும், தேங்காய் எண்ணெய் மாவு பாறையாகிவிடும். தேய்க்கும்போது வெடிக்கும்.

செக்கில் ஆட்டிய எண்ணெயானால் தேங்காய் மணம் தூக்கலாக வரும். அது பிடிக்காதவர்கள் பாதி நெய் சேர்க்கலாம். ஒன்று மட்டும், காறல் எடுத்த எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கலாம், பிஸ்கட்டுக்கு விடாதீர்கள். சூட்டில் அந்த வாடை இரண்டு மடங்காகும்.

டால்டா பற்றிக் கேட்பவர்களுக்கு: 2022 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் எண்ணெய், கொழுப்பு வகைகளில் ஆலைத் தயாரிப்பு டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். முன்னைப்போல் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் தேங்காய் விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதை ஏன் தேட வேண்டும்?

கருப்பட்டி போட்டுச் செய்ய ஆசை. ஒவ்வொரு தடவையும் மெத்தென்று ஆகிறது.

கருப்பட்டி தனக்குள்ளேயே ஈரத்தை வைத்திருக்கிறது, காற்றிலிருந்தும் இழுக்கிறது. அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில் வைத்தது சும்மா இல்லை. அக்கானி (பதநீர்) இறக்கும் காலத்தில் காய்ச்சிய புதுக் கருப்பட்டி வாய்க்கு நன்றாக இருக்கும். பிஸ்கட்டுக்குப் பழசுதான் வசதி. கையில் எடுத்தால் ஒட்டாமல், தட்டினால் கணீரென்று உடைவதாகப் பாருங்கள்.

கத்தியால் மெல்லிசாகச் சீவி, தட்டில் பரப்பி, நல்ல வெயிலில் காயவையுங்கள். மழை நாளானால் ஓவனை 100 டிகிரிக்குக் கீழே வைத்துச் சூடாக்கி அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் உள்ளே வைக்கலாம். நன்றாகக் காய்ந்த பின் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகி அடியில் அப்பிக்கொள்ளும். பொடித்ததை நைசான சல்லடையில் சலித்தே ஆக வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் மணலோ தும்போ இருக்கும். காப்பியில் அது அடியில் தங்கிவிடும், பிஸ்கட்டில் பல்லில்தான் தங்கும்.

80 கிராம் சீனிக்கு 90 கிராம் கருப்பட்டிப் பொடி. பாலை ஒரு ஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள். சூடு 160 டிகிரி போதும், நேரம் இரண்டு மூன்று நிமிடம் கூடுதல். நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது என்பதுதான் இதில் தலைவலி, மாவே பழுப்பு. அதனால் 14ஆம் நிமிடம் வாக்கில் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அடி காய்ந்து, டிரேயிலிருந்து ஒட்டாமல் வந்தால் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. கருகல் வாடை மூக்கில் பட்டால் ஏற்கனவே தாமதம்.

பாகு காய்ச்சி ஊற்றும் முறையும் இருக்கிறது. 90 கிராம் கருப்பட்டியை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி காய்ச்சி, ஆறவைத்துப் பாலுக்குப் பதில் விடுவது. மணல் பிரச்சினை தீரும். ஆனால் மொறுமொறுப்பு வராது, மெல்லுகிற பதத்தில்தான் நிற்கும். பல் இல்லாத பெரியவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கருப்பட்டியும் கோதுமையும்தானே, சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் இருப்பதும் அதுவே. மருந்து சாப்பிடுகிறவர்களின் இரத்தச் சர்க்கரையை இரண்டும் ஏற்றும். முழுக் கோதுமையில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 11 கிராம் அளவில் இருக்கிறது, மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. அந்த வித்தியாசம் உண்மை. ஆனால் மேலே சொன்ன அளவைத் திரும்பப் பாருங்கள், மாவில் பாதி வெண்ணெய், அதற்குக் கொஞ்சம் குறைவாகச் சீனி. கோதுமை என்பதற்காக அது பத்தியச் சாப்பாடு ஆகிவிடாது. நான் கோதுமையில் செய்யச் சொல்வது ருசிக்காக. வறுத்த கோதுமையின் மணம் மைதாவுக்கு எந்த ஜென்மத்திலும் வராது. மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் ஒன்று கொடுங்கள், டப்பாவைக் கையில் கொடுக்காதீர்கள். எத்தனை கொடுக்கலாம் என்பதை அவரைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லை. குக்கரில் வருமா?

வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய, அடி கனத்த அலுமினியக் குக்கரோ இட்லிப் பானையோ எடுங்கள். அடியில் ஒரு கப் கல்லுப்பு அல்லது கழுவிக் காய்ந்த மணல், அதன்மேல் ஒரு ஸ்டாண்ட். உப்பு அலுமினியத்தை அரிக்கும், அதனால் தினமும் சோறு வைக்கிற குக்கர் வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது, வெறுமனே சூடாக்கினால் பூச்சு கெடும். மூடியிலிருந்து கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிடுங்கள். கேஸ்கட் இருந்தால் உருகும், விசில் இருந்தால் ஆவி உள்ளேயே நின்று பிஸ்கட் அவிந்துபோகும்.

மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, நெய் தடவிய தட்டில் பிஸ்கட்டை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே வையுங்கள். தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். நடுவில் ஒருமுறை மூடியைத் திறந்து உட்புறத்து நீர்த்துளியைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துளி பிஸ்கட்மேல் விழுந்தால் அந்த இடம் வட்டமாக ஊறிப்போகும். குக்கரில் மேல்பக்கம் சிவக்காது, ஏனென்றால் சூடு கீழேயிருந்துதான் வருகிறது. முக்கால்வாசி வெந்ததும் தட்டையான கரண்டியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் நிறம் பிடிக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மணல் சட்டியில் கேக் வைத்து, மூடிமேல் சிரட்டைக் கனல் போட்டுச் சுட்ட பாட்டிமார் மேல்சூட்டுக்கு அப்படித்தான் வழி கண்டார்கள். முற்றத்தில் விறகடுப்பு இருந்தால் இன்றும் செய்யலாம். கேஸ் அடுப்பின்மேல் அந்த வேலை வேண்டாம்.

தோசைக்கல்லிலும் சுடலாம். கனத்த இரும்புக் கல், மிகச் சிறுதீ, மேலே ஒரு மூடி, திருப்பித் திருப்பி. மெல்லிசாகத் தேய்த்தால் அருமையாக வரும்.

ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) புதிதாக வாங்கியிருக்கிறோம். அடி மட்டும் கருகுகிறது.

கறுப்பு டிரே சூட்டை அதிகம் இழுக்கும். டிரேயை நடு அடுக்கிலிருந்து ஒரு படி மேலே ஏற்றுங்கள், அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிரே வையுங்கள். மேல் கீழ் இரண்டு ராடும் எரியும் நிலையில்தான் இருக்க வேண்டும். அப்புறம், குமிழில் 170 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 20 டிகிரி வரை முன்னே பின்னே காட்டுவது சகஜம். உள்ளே தொங்கவிடுகிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

ஒரு நடுத்தர ஓடிஜி 1500 வாட் அளவில் இழுக்கும். 15 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். சூடாக்குவதோடு சேர்த்து 40 நிமிடம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. அதனால் இரண்டு தட்டு மாவாகப் பிசைந்து, ஒரே சூட்டில் அடுத்தடுத்துச் சுட்டுவிடுங்கள். காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் நடுவில் கரண்ட் போய்விட்டால் கதவைத் திறக்காதீர்கள். பாதிக்கு மேல் வெந்திருந்தால் உள்சூட்டிலேயே ஓரளவு முடிந்துவிடும், கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும்.

ஏர் ஃபிரையர் உள்ளவர்கள் 150 முதல் 160 டிகிரியில் 10, 12 நிமிடத்தில் பாருங்கள். கன்வெக்ஷன் இல்லாத மைக்ரோவேவில் பிஸ்கட் வராது.

சுட்ட அன்று மொறுமொறு, மறுநாள் நமத்துவிடுகிறது.

நம் மாவட்டத்தில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரண்டு காரணம் இருக்கலாம், எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் நிறம் அடர்ந்து, ஈரக்கோடு போலத் தெரிந்தால் ஓவனிலேயே முழுக்கக் காயவில்லை. உள்ளே இருந்த ஈரம்தான் மறுநாள் ஓரத்துக்குப் பரவியிருக்கிறது. அடுத்த முறை மெல்லிசாகத் தேயுங்கள். சுட்டு முடித்ததும் ஓவனை அணைத்து, கதவை இரண்டு விரல் அளவு திறந்துவைத்து, பத்து நிமிடம் உள்ளேயே விடுங்கள்.

நடுவும் ஓரமும் ஒரே மாதிரி இருந்து, மொத்தமாக வதங்கியிருந்தால் வெளிக்காற்று செய்த வேலை. கம்பித் தட்டில் வைத்து ஆறவிட வேண்டும், பேப்பரிலோ தட்டிலோ வைத்தால் அடியில் வேர்க்கும். ஆனால் 'நன்றாக ஆறட்டும்' என்று ராத்திரி முழுக்க வெளியே வைப்பதும் தப்பு. கையில் எடுத்தால் சூடு தெரியாத நேரம், அதாவது முக்கால் மணி நேரம் போனதும், டப்பாவுக்குள் போய்விட வேண்டும்.

டப்பா என்றால் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி பரணி, அல்லது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். எவர்சில்வர் தூக்கு பார்க்க அழகு, மூடி இறுகாது. அடியில் இரண்டு ஸ்பூன் வறுத்த அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து போடுங்கள். ஒரே பெரிய டப்பாவில் எல்லாவற்றையும் போட்டால் பிள்ளைகள் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரம் உள்ளே போகும். வாரத்துக்கு ஒன்று என்று சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைத்தால் வெண்ணெய் பிஸ்கட் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

நமத்தது வீணில்லை. 130 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுக்கும்.

மகன் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறான், திரும்பி வர வாரக்கணக்காகும். கொடுத்துவிட எப்படிச் செய்வது?

போட்டில் உப்புக்காற்று, இங்கே இருப்பதைவிட மோசம். பால், தேங்காய்த்துருவல், கருப்பட்டி மூன்றும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், சீனி, கொஞ்சம் கூடுதல் உப்பு, பாலுக்குப் பதில் வெந்நீர் இரண்டு ஸ்பூன். எண்ணெய் புதிதாக ஆட்டியதாக இருக்கட்டும். மெல்லிசாகத் தேய்த்து வழக்கம்போல் சுட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுபடி 120 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் உலர்த்துங்கள். இரண்டாவது தடவை நிறம் மாற வேண்டியதில்லை, ஈரம் போனால் போதும். ஒரு வேளைக்கு ஆகிற அளவு சின்னச் சின்னக் கவரில் போட்டு ஒட்டி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளி டப்பாவில் போட்டுக் கொடுங்கள். ஒரு கவர் திறந்தால் மற்றது கெடாது. மூன்று நான்கு வாரம் தாங்கும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் வைக்கவும் இதே முறைதான், உடையாமலிருக்கக் கொஞ்சம் கனமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

வெனிலா எசன்ஸ் பிடிக்காது. வேறு என்ன மணம் சேர்க்கலாம்?

கிராம்பு. மாறாமலை, கரும்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிற கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நாம் அதைப் பிரியாணிக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். 200 கிராம் மாவுக்கு மூன்று கிராம்பு போதும், அதிகமானால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும். மொட்டைக் கையால் நசுக்கினால் விரலில் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மணம் போய்விட்ட சரக்கு. கருப்பட்டி பிஸ்கட்டுக்குக் கிராம்போடு அரை ஸ்பூன் சுக்குப்பொடி சேருங்கள். சீனி பிஸ்கட்டுக்கு ஏலக்காய் பொருந்தும்.

மார்த்தாண்டம் தேன் விட்டால்?

ருசி அருமை, ஆனால் தேன் ஈரத்தை இழுக்கும், சீக்கிரம் கறுக்கவும் செய்யும். சீனியில் கால் பங்கை மட்டும் தேனாக மாற்றி, 160 டிகிரியில் சுடுங்கள். நம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். ரப்பர் மரத்தின் தளிரிலைக் காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீக்கள் எடுப்பது. அதிகம் மணக்காது, அதனால் ஏலக்காயோடு சண்டை போடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது.

ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), தேங்காய், அண்டிப்பருப்பு (முந்திரி)?

பழுத்த ஏத்தம்பழத்தை மசித்துப் போட்டால் அது பிஸ்கட் இல்லை, கேக்குக்குத் தம்பி. காயவைத்துப் பொடித்த ஏத்தங்காய்ப் பொடி இரண்டு ஸ்பூன் போடலாம், அதே அளவு மாவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவலைச் சிறுதீயில் ஈரம் போய்ச் சிவக்கும்வரை வறுத்துச் சேர்க்க வேண்டும், பச்சையாகப் போட்டால் நாலு நாளில் காறும். அண்டிப்பருப்புக்கு முழுப் பருப்பு வேண்டாம். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பக்கம் கிடைக்கிற நொறுங்கலே போதும், விலையும் குறைவு.

ஆப்ப சோடாவா, பேக்கிங் பவுடரா?

பேக்கிங் பவுடர். ஆப்ப சோடா வேலை செய்யப் புளிப்பு எதாவது வேண்டும். ஒரு ஸ்பூன் தயிர் சேர்க்கிறீர்கள் என்றால் கால் டீஸ்பூனுக்கும் குறைவாகச் சோடா போடலாம். அதிகமானால் சோப்பு ருசியும், திட்டுத் திட்டாகப் பழுப்பும் வரும்.

முட்டை அவசியமா?

இல்லை.

கடையில் 'கோதுமை பிஸ்கட்' என்று வாங்குவதில் உண்மையில் எவ்வளவு கோதுமை?

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும்படிதான் பொருட்களை எழுத வேண்டும். முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு என்று இருந்தால் அது மைதா. அட்டையில் கோதுமைக் கதிர் எவ்வளவு பெரிதாகப் படம் போட்டிருந்தாலும் கணக்கு அதுதான். முழுக் கோதுமை மாவு எத்தனை சதவீதம் என்று அடைப்புக்குள் போட்டிருப்பார்கள், அந்த எண்ணைப் பாருங்கள். 500, 503 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலாவது நம் ஆப்ப சோடா வகை, இரண்டாவது அமோனியா உப்பு. சூட்டில் வாயுவாகப் போய்விடுவதால் மெல்லிய பிஸ்கட்டுக்கு அதைப் போடுகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். விற்கலாமா?

விற்கலாம். வீட்டில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாக்கெட்டில் பதிவு எண், பொருட்களின் பட்டியல், நிகர எடை, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பது, உங்கள் முகவரி எல்லாம் வர வேண்டும். கோதுமையும் பாலும் ஒவ்வாமை உள்ளவர்களுக்காகத் தனியே குறிப்பிட வேண்டியவை. முட்டை சேர்த்தால் பச்சைப் புள்ளி போட முடியாது, சட்டப்படி அது அசைவம்.

விலை வைக்கும்போது மாவு, வெண்ணெய் விலையை மட்டும் கூட்டாதீர்கள். கரண்ட், கவர், உடைந்துபோகும் பிஸ்கட், உங்கள் கூலி எல்லாவற்றையும் சேருங்கள். மழை மாதங்களில் ஆர்டரைக் குறைத்துக்கொண்டு, சுட்ட மறுநாளே கைமாறும்படி பாருங்கள். உடைந்ததை நொறுக்கி, கொஞ்சம் உருக்கிய வெண்ணெயில் பிசறி, புட்டிங்குக்கு அடித்தளமாகப் போடலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த அளவுக்கு மிஞ்சாது.